வெள்ளி மரத்தடித் தாயார்

“டிராப்ட்ஸ்மேன் மேடத்துக்கு வணக்கம். நீங்க சொன்ன வெள்ளி மரத்தப் பாத்துட்டேன். நெஜமாவே இருக்குது, திருச்சானூர்ல. பன்னெண்டாந்தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா நீங்களும் பாக்கலாம். மாம்பழமும் அதுக்குள்ளதான். இப்படிக்கு, முனிரத்தினம்.”

சித்தூரில் ஜூலை 3 அன்று முத்திரை குத்தப்பட்ட இந்த அஞ்சலட்டை ஜூலை 8 அன்று வேலூரில் என் கைக்கு வந்தது. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான தொலைவைக் கடக்க அதற்கு ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. அவரிடம் கைப்பேசி இருக்கிறது. நாளுக்கு நான்கு முறை கோபுரப் படம் அனுப்புவார். ஆனாலும் முக்கியமான சேதி என்றால் அட்டைதான். “போன்ல சொன்னா காத்துல போய்டும். அட்டைன்னா நீங்க தேதி போட்டு எடுத்து வெப்பீங்க” என்பார். எடுத்து வைத்தேன். வைப்பதற்கு முன் இரண்டு முறை கசக்கினேன்.

கசக்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பதினோரு ஆண்டுகளாக ஒரு பட்டியல் தயாரித்து வருகிறேன்: விக்டோரியா மகாராணி காலத்தில் நம் பக்கத்து மாவட்டங்களில் பரிசாகக் கொடுக்கப்பட்ட வெள்ளிச் சாமான்களின் பட்டியல். கலெக்டர் ஊர் மாறிப் போனால் ஒரு மூடி வைத்த கிண்ணம், பாலம் கட்டிய எஞ்சினியருக்கு ஒரு தாம்பாளம், பெரிய மனிதர் என்றால் விருந்து மேசையின் நடுவில் வைக்க ஒரு முழ உயரத்தில் வெள்ளி மரம். அந்தச் சாமான்களில் வெறும் அழகுக்கென்று ஒரு பூகூட இருக்காது. தேன்கூடு என்றால் உழைப்பு. ஆந்தை என்றால் கல்வி. சுற்றிப் படரும் ஐவிக்கொடி பிரியாத நட்பு. கதிர்க்கட்டு செழிப்பு. பரிசைப் பெறுகிறவரின் குணத்தை எழுத்தில் பாதியும் உருவத்தில் மீதியுமாகச் சொல்லும் வழக்கம் அது. சென்னையில் அவற்றைச் செய்த நம் தட்டார்கள் ஓக் மரத்தைக் கண்டதில்லை. அதன் இலையை மாவிலையாக அடித்தார்கள். சிங்கம் கேட்டவர்களுக்கு யாளி கொடுத்தார்கள். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

பட்டியலில் நாற்பத்தொரு பொருள்கள். அத்தனையிலும் எழுத்து இங்கிலீஷில். நாற்பத்திரண்டாவதைப் பற்றி, பழைய சர்வேயர் ஒருவரின் நாட்குறிப்பில் ஒரே ஒரு வரி கண்டேன்: நகரிப் பக்கத்து நெசவாளர்களும் குடியானவர்களும் சேர்ந்து, ஏரிக்கரையை உயர்த்திக் கட்டிய உள்ளூர் ஓவர்சியர் ஒருவருக்குத் தமிழ் எழுத்துப் பொறித்த வெள்ளி மரம் கொடுத்தார்கள் என்று. வெள்ளைக்காரருக்கு அல்ல, ஒரு தமிழருக்கு, தமிழில். அதை ஒன்பது ஆண்டுகள் தேடினேன். காப்பகங்கள், பழைய பத்திரங்கள், பதில் வராத கடிதங்கள். போன மார்ச்சில் ஒரு டீக்கடையில் முனிரத்தினத்திடம் வாய் தவறிச் சொன்னேன். நான்கு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

முனிரத்தினம் நகரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சித்தூர்–திருப்பதி வழியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பேருந்து நடத்துநர். ஓய்வுக்குப் பிறகு அவரும் ஊர் வரலாறு எழுதுகிறார். ‘அந்தக் காலத்தில்’ என்பதுதான் அவர் கட்டுரைகளில் வரும் ஒரே தேதி. ஆனால் அவர் போனால் பீரோக்கள் திறக்கின்றன. நான் போனால் “எதுக்கு?” என்று கேட்கிறார்கள்.

வியாழன், ஜூலை 11. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகள் தெலுங்குக்கு மாறின. பேருந்துக்குள் பேச்சு மாறவில்லை. பின் இருக்கையில் இரண்டு பெண்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்து, யாருடைய மருமகள் மோசம் என்று ஒப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். சித்தூர் நிலையத்தில் முனிரத்தினம் ஒரு பை மாம்பழத்தோடு நின்றிருந்தார்.

“இன்னா மேடம், இளைச்சிக்கினே போறீங்க? மொதல்ல துன்னுட்டு அப்புறம் வரலாறு.”

ஓட்டலில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. எங்கள் வேலூரில் தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும்தான் அரசு. இங்கே வேர்க்கடலைச் சட்னிக்குப் பக்கத்தில் காரப்பொடியைக் குவித்து, நடுவில் குழித்து நெய் ஊற்றுகிறார்கள். எனக்கு ஒரு கரண்டி நெய். அவருக்கு இரண்டு. பரிமாறியவர் அவரிடம் தெலுங்கில், “அண்ணா, முட்டிவலி இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டார். அந்த ஓட்டலில் நான் இதுவரை ஏழு முறை சாப்பிட்டிருக்கிறேன். என் முட்டியைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கக் கூடாது என்ற முடிவோடுதான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தேன். இரண்டாவது இட்லியில் கேட்டுவிட்டேன்.

“கண்டுபுடிக்கறதுக்கு இன்னா இருக்குது? நம்ம கண்டக்டர் பசங்ககிட்ட சொல்லி வெச்சேன், பழைய ஓவர்சியர் வூடு எதனா தெரிஞ்சா சொல்லுங்கடான்னு. ஒருத்தன் சொன்னான், ‘மாமா, திருச்சானூர்ல ஓவர்சியர் லாட்ஜின்னே ஒண்ணு கீது’ன்னு. போனேன். காபி குடுத்தாங்க. பூஜை ரூமுல மரம் நின்னுக்கினு இருந்துச்சி.”

“அவ்வளவுதானா?”

“ரெண்டு காபி.”

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தத் தெருவிலேயே, எதிர் வரிசையில் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் தங்கியிருக்கிறேன். குறிப்பேட்டில் தேதியும் இருக்கிறது. அந்தப் பலகையைப் படித்திருப்பேன். ஏதோ ஒரு பெயர் என்று கடந்திருப்பேன்.

“ஞாயித்துக்கெழம திருப்பதியில நம்ம தமிழ் வாசகர் கூட்டத்துல பேசறேன்” என்றார். “தலைப்பு கேளுங்க: ‘வெள்ளைக்காரன் காலத்து வெள்ளியில் நம்ம பெருமாள் நாமம்.’”

“நாமமா?”

“நாளைக்கு நீங்களே பாருங்களேன்.”

வெள்ளி, ஜூலை 12. பாகாலாவைத் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டது. சாற்றுத் தொழிற்சாலைக்குப் போகும் லாரி ஒன்று சாய்ந்து, சாலை அகலத்துக்கும் கிளிமூக்கு மாம்பழம். ஓட்டுநருக்கு அடியில்லை; அவர் ஓரமாக உட்கார்ந்து தன் முதலாளிக்குப் போனில், “ரோடுதான் சார் சாஞ்சிருக்கு, நான் நேராத்தான் வந்தேன்” என்று தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தார். பயணிகள் இறங்கி, உதவுவதற்கு ஒன்றும் பைக்கு ஒன்றுமாகப் பொறுக்கினார்கள். நாற்பது நிமிடம் நான் என் அளவுக் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முனிரத்தினம் எங்கோ போய் ஒரு பால் வண்டிக்காரரோடு திரும்பினார். அவர் முன்னாள் பயணியாம், பள்ளிக்கூட நாட்களில் டிக்கெட் எடுக்காமலே போனவர். அந்த நன்றியில் கேன்களுக்கு நடுவில் இடம் கிடைத்தது. திருப்பதியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக நான் தொற்றிக்கொண்டு, பத்தே முக்காலுக்குத் திருச்சானூர்.

வெள்ளிக்கிழமை தாயாருக்கு உகந்த நாள். தெரு முழுக்கப் பூக்கூடையும் வரிசையும். ஓவர்சியர் லாட்ஜில் எட்டு அறைகள். நடத்துபவர் வேதவல்லி, ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் போன். அவருடைய கணவர் தாமோதரன்தான் அந்த ஓவர்சியரின் வம்சம். மே மாதம் இருதயத்தில் ஆபரேஷன் நடந்து, இப்போது வாசலில் நாற்காலி போட்டு, வருகிற யாத்திரிகர்களுக்கெல்லாம் தன் மார்புத் தழும்பின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“வாங்க முனிரத்தினம் சார், சக்கரை இல்லாம காபி ஒண்ணு எடுத்தாறேன்” என்ற வேதவல்லி என்னைப் பார்த்தார். “இவங்க உங்க சிஸ்டரா?”

“இவங்க பெரிய ஆளும்மா. நான் இவங்க சொல்லித்தான் வந்தேன்” என்றார் முனிரத்தினம். அப்படி அவர் சொன்னதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மரம் பூஜை அறையில் இருந்தது. நாற்பத்தேழு சென்டிமீட்டர். தென்னை என்று சொல்லலாம். மட்டைகள் விரிந்த உச்சியில் கண்ணாடிக் கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சளும் வெற்றிலையும். அடியில் ஒரு பக்கம் மண்வெட்டி ஏந்திய ஆள், காலடியில் நெற்கதிர்க் கட்டு. பீடத்தில் ஒரு கேடயம் போன்ற தகடு. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். தமிழ்! ‘நகரி’ என்ற சொல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்தெழுத்தாகப் படித்துக் குறிப்பேட்டில் எழுதினேன். தலைமுறை தலைமுறையாகப் புளியும் பல்பொடியும் போட்டுத் தேய்த்ததில் ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள்தான் மிச்சம்.

மரத்தின் மறு பக்கத்தில்தான் தாயார். ஒரு சாண் உயரம், பட்டுத் துண்டு கட்டியிருந்தார்கள், நெற்றியில் குங்குமம். அவர் சாய்ந்து நிற்கும் பொருளில் வெண்மையாக வளைவும் நடுவில் சிவப்பாக ஒரு நேர்கோடும். வளைவுக்கு நாமக்கட்டியும் கோட்டுக்கு ஸ்ரீசூர்ணமும் பூசியிருந்தார்கள்.

“பாத்தீங்களா?” என்றார் முனிரத்தினம். “அச்சு அசல் நாமம். தாயார் நாமத்தப் புடிச்சிக்கினு நிக்கறாங்க. சுத்திப் படுத்திருக்கறது ஆதிசேஷன்.”

வேதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் குனிந்தேன். பட்டுத் துண்டை விரலால் சற்றே ஒதுக்கினேன். வளைவின் இரு முனைகளிலும் அம்புத் தலைபோன்ற கூர்கள் இருந்தன. தண்டின் மேல் பாதியை அந்தப் பெண்ணின் கைமடிப்புத் துணி மறைத்திருந்தது; குறுக்குக்கட்டை அதற்குப் பின்னால் இருந்தது. ஆதிசேஷனுக்குத் தலை இல்லை, முறுக்கு இருந்தது. அது கயிறு. அவர் சாய்ந்திருந்தது நங்கூரம். அந்தக் காலத்துப் பரிசுச் சாமான்களில் நங்கூரத்தோடு நிற்கும் பெண் ஒருத்திதான், அவள் பெயர் நம்பிக்கை. என் பட்டியலில் அவள் ஏற்கனவே ஆறு இடங்களில் நிற்கிறாள். திருமலை அடிவாரத்தில் பிறந்து, கடலைப் பார்க்காமல், பொழுது விடிந்தால் நாமத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது வேறு எதுவாகத் தெரியும்? நேரம் குறித்தேன்: பதினொன்றே முக்கால்.

வாய் திறக்கும்போது வேதவல்லி சொன்னார்: “நல்லவேளை, இன்னிக்கே வந்துட்டீங்க. நாளைக்குக் காத்தால தாயார் மேல போறாங்க.”

“மேல என்றால்?”

“மலைக்கு. உண்டியல்ல.” திறந்திருந்த வாசல் வழியாகக் கணவரைப் பார்த்தார். “இவரு ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கும்போது வேண்டிக்கினேன். நடந்து வூட்டுக்கு வந்தா வெள்ளியில ஒண்ணு போடறேன்னு. எதுன்னு சொல்லல. அப்புறம் முனிரத்தினம் சார் வந்து இது பெருமாள் நாமம்னு காட்டனார். அப்புறம் யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது? பெருமாள் சொத்து பெருமாளுக்கு. மரம் இங்கியே இருக்கட்டும், அம்மாவ மட்டும் கழட்டி, சாயங்காலம் வெளக்கு வெச்சதும் மஞ்சத் துணியில முடிஞ்சிட வேண்டியது.”

முடிந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. உண்டியலில் விழுந்தது வெளியே வருவதில்லை. அதற்குப் பிறகு அது வெள்ளி, அவ்வளவுதான். ஆக, விளக்கு வைக்கும் நேரம் வரை எனக்கு அவகாசம் இருந்தது. “அம்மா, அது நங்கூரம்” என்ற மூன்று சொற்கள் போதும்.

நான் சொல்லவில்லை. ஏன் என்று அப்போதே எனக்குத் தெரியும், அதனால் இப்போது வேறு காரணம் கற்பிக்கப் போவதில்லை. சொன்னால் முனிரத்தினம் தலையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நங்கூரம் என்று அவரே சொல்வார். எல்லாரும் அவருக்குக் கை தட்டுவார்கள். சொல்லாவிட்டால் நாமம் என்று பேசுவார், நான் எழுந்து நின்று திருத்தலாம். சிலை போய்விடுமே என்று மனம் கேட்டது. போனால் என்ன, அளவெடுத்த வரைபடம் உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கும் என்றும் அதே மனம் சொன்னது. இரண்டு மணி நேரம் வரைந்தேன். ஒவ்வொரு கூர்முனையையும் கால் மில்லிமீட்டருக்குச் சரியாக எடுத்தேன். என் கை அவ்வளவு சுத்தமாக ஓடி நாளாகிறது.

சாப்பாடு போட்டார்கள். பருப்பு, கோங்குரா, கத்தரிக்காய்க் கூட்டு. முனிரத்தினம் இலையில் மட்டும் கேட்காமலே அப்பளம் இரண்டாம் முறை வந்தது. “சாயங்காலம் ஸ்பேனர் போட்டு நான்தான் கழட்டறேன், இருந்து பாருங்க மேடம். அடியில எதனா இருக்கும்” என்றார்.

“தலைவலி” என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். திருப்பதியில் லாட்ஜ் அறையில் ஆறு மணிக்கு விளக்கைப் போட்டபோது, அங்கேயும் விளக்கு வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. தயிர்ச்சாதம் வாங்கி வைத்து, பாதியில் மூடினேன். அடுத்த அறையில் ஒரு கூட்டுக் குடும்பம் எட்டுப் பேருக்கு இரண்டு கட்டிலைத் தெலுங்கில் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. “நீ குறட்டை விடுவே, பால்கனிக்குப் போ” என்றது ஒரு பெண் குரல்.

சனி, ஜூலை 13. ஐந்தே காலுக்கு முதல் ஆட்டோவைப் பிடித்தேன். ஓட்டுநர் தரிசனத்துக்கா என்று கேட்டார்; ஆமாம் என்றேன். ஓவர்சியர் லாட்ஜ் வாசலில் கோலம் ஈரமாக இருந்தது. கூடத்து மேசையில் மஞ்சள் மூட்டை, மேலே துளசி. மரம் பூஜை அறையில் ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. வேதவல்லி குளித்து ஈரத் தலையில் துண்டோடு வந்தார்.

நின்றபடியே சொன்னேன். கப்பலை நிறுத்தும் நங்கூரம், கயிறு, அந்தப் பெண் யார், எல்லாம். தாமோதரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கப்பல் சாமானா? எங்க வம்சத்துல ஏரியத் தாண்டி எவனும் தண்ணி பாத்ததில்லியே” என்றார்.

வேதவல்லி சிரிக்கவில்லை. “இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நேற்று. பார்த்ததும்.”

“பாத்ததும்.” அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். “நேத்து மத்தியானம் எங்க வூட்ல உக்காந்து துன்னீங்க. அப்பத் தெரியுமில்ல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெள்ளிச் சொம்பு ரெண்டு இருக்குது, அதுல ஒண்ண முடிஞ்சிருப்பேன். இவரோட முப்பாட்டன் சம்பாரிச்ச பொருளு. நானா இதத்தான் போடணும்னு அடம் புடிச்சேன்?”

“இப்போதும்…”

“முடிஞ்சாச்சி. இனிமே இது எங்களுது இல்ல.”

அப்போது உள்ளே வந்த முனிரத்தினத்துக்கு விஷயத்தைத் தாமோதரன்தான் சொன்னார். அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். “நங்கூரமா! அடேய் முனிரத்தினம், சுருக்குப்பையில பூந்த எலி மாதிரி மாட்னியேடா!” பிறகு வேதவல்லியிடம் திரும்பி, “தப்பு என்னுதும்மா. நாமம்னு சொன்னது நான்தான். மேடத்தக் கோவிக்காதீங்க” என்றார். மூட்டையைப் பார்த்து ஒரு முறை கும்பிட்டார். அவர் வருத்தப்பட்டது பொருள் போகிறதே என்று மட்டும்தான். தன் தலைப்பைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன்.

தரிசன டிக்கெட் மூன்று. வேதவல்லியின் மகள் வர முடியாததால், அவளுக்கென்று நினைத்திருந்த மூன்றாவது முன்கூட்டியே முனிரத்தினத்தின் ஆதார் எண்ணில் எடுக்கப்பட்டிருந்தது. மலையடிவாரத்து அலிபிரி வரை அவர்களோடு போனேன். மூட்டையை வேதவல்லி மடியில் வைத்திருந்தார். பேருந்து ஏறும்போது அதை ஒரு நிமிடம் வாங்கிக்கொள்ள என்னிடம் நீட்டவில்லை, முனிரத்தினத்திடம் நீட்டினார்.

அன்றைய பகலைச் சந்திரகிரியில் கழித்தேன். கோட்டை அரண்மனையின் அடுக்குக் கோபுரங்களை வேலூர்க் கோட்டையோடு ஒப்பிட்டு எழுதலாம் என்று குறிப்பேட்டைத் திறந்தேன். எங்கள் கோட்டைக்கு அகழி அழகு, இவர்களுக்கு மலை அழகு என்று ஒரு வரி எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. கல்லூரிப் பெண்கள் கூட்டமொன்று படிக்கட்டில் நின்று படம் எடுத்தது. “ராணி மாதிரி நில்லுடின்னா கரண்ட் பில்லு பாத்த மாதிரி நிக்கறே” என்றாள் ஒருத்தி. மூன்றரை மணிக்கு முனிரத்தினத்திடமிருந்து கைப்பேசியில் ஒரே சொல் வந்தது: ‘ஆச்சு.’ இதற்கு அவர் அட்டை போடவில்லை.

ஞாயிறு, ஜூலை 14. கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். என் வரைபடத்தை அவர் கேட்டார், கொடுத்தேன். மேடையேறியதும் தலைப்பைத் தானே கிழித்தார். தன் தவறை ஆதி முதல் சொன்னார். நாமம் என்று நம்பிக் கும்பிட்டது, கயிற்றை ஆதிசேஷன் என்று வர்ணித்தது, கடைசியில் நங்கூரத்தை ஏழு மலை ஏற்றி உண்டியலில் இறக்கியது. “கப்பல் போவாத எடத்துல நங்கூரம் எறக்கின ஒரே ஆளு நான்தான்” என்றபோது சிரிப்பு அடங்கச் சில நிமிடம் ஆனது. பிறகு என் வரைபடத்தை உயர்த்திப் பிடித்தார். “இதக் கண்டுபுடிச்சவங்க மேடம். மரத்தப் பத்தி எனக்கு மொதல்ல சொன்னதும் அவங்கதான். நான் பொழுதுபோக்கு, அவங்க படிப்பு.” கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள், அவரைப் பார்த்துக்கொண்டே.

நான் எப்போது கண்டுகொண்டேன் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்போல் தெரிந்த ஒருவர் எழுந்தார். “அம்மா, அது நங்கூரம்னு உங்களுக்கு எந்தத் தேதியில தெரிஞ்சது?”

வேறு யார் வேறு எதைக் கேட்டிருந்தாலும் மழுப்பியிருப்பேன். தேதியைப் பொய்யாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. “ஜூலை 12, வெள்ளி. முற்பகல் பதினொன்றே முக்கால்” என்றேன்.

அவர் விரலை மடக்கினார். “உண்டியல்ல போட்டது?”

“பதிமூன்று, சனி.”

முன்வரிசையில் ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, பிறகு தன் கைப்பையைப் பார்த்தார். முனிரத்தினம் ஒலிவாங்கியைத் தட்டினார். “ஐயா, டீ ஆறிக்கினு போவுது. மிச்சத்த டீயோட பேசுவோம், வாங்க வாங்க.” நாற்காலிகள் நகர்ந்தன. எவரும் என்னிடம் வந்து மிச்சத்தைப் பேசவில்லை.

மாலை அவர் என்னைப் பேருந்து ஏற்றிவிட வந்தார். லட்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். வேதவல்லி எனக்கென்று கொடுத்து அனுப்பியதா என்று கேட்டேன். “இல்ல மேடம், இது என்னுதுல பாதி” என்றார்.

கேட்கத் தகுதியில்லை என்று தெரிந்தும் கேட்டேன். வெள்ளிக்கிழமை மாலை சிலையைக் கழற்றியபோது அதன் அடியில், மரையாணி இருந்த பக்கம், ஏதாவது இருந்ததா?

“இருந்துச்சி. தேங்கா எண்ண போட்டுத் தொடச்சேன், அப்பத் தெரிஞ்சிது. முத்திர மாதிரி. ரெண்டு எழுத்து, பக்கத்துல பூவோ மீனோ.”

“என்ன எழுத்து?”

நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். “வெளக்கு வெக்கற அவசரத்துல இருந்தோம் மேடம். இங்கிலீஷா தமிழான்னுகூட இப்ப சொல்லத் தெரியல. நீங்க இருந்திருந்தா எழுதி வெச்சிருப்பீங்க.”

பட்டியலில் நாற்பத்திரண்டாம் எண்ணுக்குக் கீழே பின்வருமாறு பதிந்திருக்கிறேன்: வெள்ளி மரம், உயரம் 47 செ.மீ., தமிழிலும் இங்கிலீஷிலும் பொறிப்பு, நங்கூரம் ஏந்திய பெண்ணுரு தற்போது இல்லை. செய்தவர் முத்திரை பெண்ணுருவின் அடியில் இருந்ததாக முனிரத்தினம் கூறுகிறார். மரத்திலோ பீடத்திலோ வேறு முத்திரை இல்லை. நான் அதைப் பார்க்கவில்லை. செய்தவர் யார் என்பது உறுதி செய்யப்படவில்லை.